ஆரஞ்சுத் தொப்பி

மெக்காயில் ஜனவரி என்றால்
கதவுக் கைப்பிடிகூடச் சுடும்.
கரும்பாலை மூடிக் கிடக்கிற மாதம்.
ஃபிட்டர் வேலைக்காரர்களுக்கு
நெருப்பில் இறைச்சி வாட்டுவதைத் தவிர
வேறு பிழைப்பில்லை.

பிரான்வென் வீட்டு நீச்சல்குளத்துக்கு
என் மார்பு உயரம் வேலி.
கதவை எவ்வளவு திறந்து விட்டாலும்
தானே வந்து மூடிக்கொள்ளும்,
டக்கென்று தாழ் விழும்.
போன மாதம் டெஸ்மண்ட் ஐஸ்பெட்டியை
வேலியோரம் வைத்துவிட்டுப் போனதற்கு
அவள் போட்ட சத்தத்தில்
மூன்றாவது வீட்டு நாய் எழுந்துகொண்டது.
"அது பெட்டியில்லை, படிக்கட்டு" என்றாள்.

ஆம்புலன்ஸில் பதினேழு வருடம் இருந்தவள்.
கேட்டால் சொல்லமாட்டாள்.
நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

இந்தத் தொப்பி அவள் போட்ட சட்டம்.
சாயம் போன ஆரஞ்சு,
விளிம்பில் தூண்டில் முள் பிய்த்த கிழிசல்.
போட்டுக்கொண்டவர் குளத்தைப் பார்க்க வேண்டும்,
இருபது நிமிடம்.
பீர் கிடையாது. போன் கிடையாது.
யாராவது பேச்சுக் கொடுத்தால்
முகம் திருப்பாமல் பதில் சொல்லலாம்.
கை மாற்றும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு
"உன்னிடம்" என்று தர வேண்டும்.
"என்னிடம்" என்று வாங்க வேண்டும்.

முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தாறு பேர் இருக்கிறோமே,
ஐம்பத்திரண்டு கண் போதாதா?
"ஐம்பத்திரண்டும் அடுத்தவன் கண்ணை நம்பும்"
என்று தொப்பியை என் தலையில் அழுத்தினாள்.

நிஜம் சொன்னால், அலுப்புதான்.
எட்டுத் தலை. எண்ணு. எட்டு.
லாக்லன் முட்டியைக் கட்டிக்கொண்டு தொப்பென்று குதிக்கிறான். எட்டு.
பிளாஸ்டிக் முதலைக்கு இரட்டையர் சண்டை. எட்டு.
முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்ன ஜோக்குக்கு
எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க
கழுத்து திரும்பப் பார்த்தது.
விடவில்லை.
எட்டு.
ஏழு.

சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன்.
சினிமாவில் வருகிறதே,
கையை ஆட்டி, பெயரைக் கத்தி.
ஒன்றுமில்லை.
முதலையின் நிழலை ஒட்டி
டீகனின் மகள் ஒட்டிலி, மூன்று வயது,
படியை விட்டு ஓரடி தள்ளி
தண்ணீருக்குள் நேராக நின்றாள்,
ஏணி ஏறுகிறவள்போல.
ஏணிதான் இல்லை.
வாய் மட்டும் மேலே வந்தது, போனது.
கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவள் மாமா
இடுப்பளவு தண்ணீரில் முதுகு காட்டி நின்று
கரையிலிருந்து சீஸ் தட்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

குதித்தது நினைவில்லை.
சட்டைப்பையில் சாவிக்கொத்து கனத்தது நினைவிருக்கிறது.

பிறகு அவள் இருமினாள்.
அவ்வளவு அசிங்கமான,
அவ்வளவு நல்ல சத்தத்தை
நான் கேட்டதே இல்லை.
அப்புறம் அழுதாள், முதலை வேண்டுமென்று.

பிரான்வென் முட்டி போட்டு
மூச்சைக் கவனித்தாள். உதட்டின் நிறம் பார்த்தாள்.
"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."
"நன்றாகத்தானே இருக்கிறாள்?" டீகனின் குரல் உடைந்தது.
"நன்றாக இருக்கும்போதே போகலாம்."

கார் போய்விட்டது.
இறைச்சி கரிந்துகொண்டிருந்தது.
மற்ற ஏழு பேரும் துண்டு சுற்றி
புல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்,
என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல்.
மாமா இன்னும் தட்டை வைக்கவில்லை.

முதலை தனியாக மிதந்தது,
கொஞ்சம் தள்ளித் தொப்பி.
டெஸ்மண்ட் இலை அள்ளும் வலையால் அதை எடுத்துப் பிழிந்தான்.
"கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.
உன் கையைப் பார், என்ன நடுக்கம்."

மணி பார்த்தேன்.
என் இருபதில் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி.
குளத்தில் யாருமில்லை.
கதவு டக்கென்று விழுந்ததும் கேட்டது.
இருந்தாலும் வாங்கி
ஈரத்தோடு போட்டுக்கொண்டேன்.

என்னிடம், என்றேன்.